இணைய அங்காடியில் ஒரு பத்தமடைப் பாய்

பண்டைய மதுரை மாநகரில் நாளங்காடி என்றும் அல்லங்காடி என்றும் இருவகைக் கடைத்தெருக்கள் இருந்தன என்பதை மதுரைக்காஞ்சியால் அறிகின்றோம். ஒன்று பகலில் கூடியது. மற்றொன்று இரவில் கூடியது. காவிரிப்பூம்பட்டினத்தின் தெருக்களில் பலவகைக் கொடிகள் பறந்ததைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. இன்ன இடத்தில் இன்ன பொருள் கிடைக்கும் எனத் தொலைவிலிருந்து வருவோர்க்கு உணர்த்திய கொடியும் அவற்றுள் உண்டு. எனவே விளம்பரம் என்பது நேற்று வந்த மேலைநாட்டுச் சரக்கன்று. வாணிகம் பிறந்த அன்றே அதுவும் பிறந்துவிட்டது எனலாம்.

இன்றோ பகலும் இரவும் மூடாத ஓர் அங்காடி நம் உள்ளங்கையிலேயே விரிந்து கிடக்கின்றது. 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் நாட்டுப் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட இணையம், ஒரு தலைமுறைக் காலத்திற்குள் கடைத்தெருவாகவே மாறிவிட்டது. இப்பெரிய அங்காடியில் ஒரு சிறிய கடை தன் கொடியை எங்கே ஏற்றுவது? எவர் கண்ணுக்குப் படும்படி ஏற்றுவது? கொடியைக் கண்டு வந்தோர்க்கு எதைச் சொல்வது? இவ்வினாக்களுக்கு விடை தேடி நம் மாணவர் சிலருடன் ஒரு பாய் நெசவுக் குடும்பத்தாரின் திண்ணையில் அமர்ந்து கற்றவற்றை இக்கட்டுரையில் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

பாயும் ஊரும்

திருநெல்வேலிச் சீமையில் சேரன்மகாதேவிக்கு அருகில் உள்ளது பத்தமடை. கோரைப் பாய் என்றவுடன் இவ்வூரின் பெயர் நினைவுக்கு வராதவர் தென்பாண்டி நாட்டில் இலர். தாமிரபரணிக் கரையின் கோரையை அறுத்துக் காயவைத்து, வகிர்ந்து, நீரில் ஊறவைத்து, மீண்டும் காயவைத்து மெல்லிய இழையாக்கிப் பருத்தி நூற்பாவில் நெய்வது பட்டுப்பாய். பாவு நூல்களின் நெருக்கமே பாயின் தரத்தைச் சொல்லும். மிக நுண்ணிய பாய்களில் அவ்வெண்ணிக்கை 100ஐத் தாண்டி 140 வரை செல்லும். துணியைப் போல் மடித்து எடுத்துச் செல்லத்தக்க அளவிற்கு அது மென்மையானது. மணமக்களின் பெயரையும் மணநாளையும் நெய்து தருகின்ற கல்யாணப் பாய் இவ்வூரின் தனிச்சிறப்பு. இந்நெசவில் பெரும்பாலும் ஈடுபட்டிருப்போர் நம் சமுதாயத்துப் பெண்மக்களே.

1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவிற்குப் பத்தமடைப் பாய் பரிசாகச் சென்றது என்பதை ஊரார் இன்றும் பெருமையுடன் கூறுவர். புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களுள் பத்தமடைப் பாயும் ஒன்று. இத்துணைப் பெருமை இருந்தும் நெய்பவர் வீட்டில் அடுப்பு எரிவது அப்பெருமையால் அன்று. புகழ் வேறு, சந்தை வேறு. இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவை நாம் கண்கூடாகக் கண்டது 2023ஆம் ஆண்டில்தான்.

நம் துறை மாணவர் ஒருவரின் உறவினர் வீடு அது. மூன்று தறிகள் இருந்தன. ஒன்று சுருட்டிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. அத்தறியில் நெய்துவந்த மருமகள் பீடி சுற்றச் சென்றுவிட்டார். பாய் நெய்வதில் அவருக்கு வெறுப்பு இல்லை. பீடிக்கு வாரக் கூலி உண்டு. பாய்க்கோ விற்றால்தான் கூலி. விற்பது எப்போது என்பது நெய்கின்றவருக்கே தெரியாது. வாங்கிச் செல்லும் இடைத்தரகர் ஒருவர் பாதிப் பணத்தைக் கையில் தந்து மீதியை அடுத்த மாதம் என்பார்; அடுத்த மாதமும் அவ்வாறே கூறுவார். இரண்டாம் தறியும் சுவரோரம் செல்லும் நாள் தொலைவில் இல்லை என்ற நிலையில்தான், இணையத்தில் விற்பனைக்கு வழி செய்து தரவேண்டும் என்று அம்மாணவர் நம்மிடம் வந்தார்.

ஆகவே நாம் வகுக்க வேண்டிய திட்டத்தின் குறிக்கோள், ஆயிரம் பேர் பார்க்கச் செய்வது அன்று. பல்லாயிரம் பேர் விருப்பக்குறி இடச் செய்வதும் அன்று. நெய்கின்ற கைக்கு வாரந்தோறும் கூலி சென்று சேரவேண்டும். பீடித் தட்டிற்கும் பாய்த் தறிக்கும் நடக்கும் போட்டியில் தறி தோற்காதிருக்க வேண்டும். இவ்வொன்றை உரைகல்லாகக் கொண்டே மற்ற அனைத்தையும் உரைத்துப் பார்த்தோம்.

முதல் வினா

இளைஞர்கள் ஆர்வம் மிக்கவர்கள். முதல் நாளே எந்தச் செயலியில் கணக்குத் தொடங்கலாம், எவ்வளவு பணம் கட்டி விளம்பரம் செய்யலாம் என்று பேசலாயினர். அவற்றையெல்லாம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்த அவ்வீட்டின் மூத்த அம்மையார், “ஆயிரம் பேரு கேட்டாலும் கை ரெண்டுதானே வாப்பா?” என்றார். வணிகவியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் செய்தியை அவர் ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டார்.

ஆலையில் உருவாகும் பொருளுக்குத் தேவை பெருகப் பெருக ஆக்கத்தையும் பெருக்கலாம். கைவினைப் பொருளுக்கு அவ்வாறு இயலாது. நல்ல பட்டுப்பாய் ஒன்று வாரக்கணக்கில் தறியில் இருக்கும். ஆதலின் சிறு தொழிலுக்கான இணையச் சந்தைத் திட்டம் கணினியில் தொடங்குவதில்லை, தறியில்தான் தொடங்குகின்றது. ஒரு திங்களில் எத்தனை சாதாரணப் பாய், எத்தனை நடுத்தரப் பாய், எத்தனை பட்டுப்பாய் நெய்ய இயலும் என்பதை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். நோன்புக் காலத்திலும் மழைக்காலத்திலும் அது எவ்வளவு குறையும் என்பதையும் எழுதினோம். அவ்வெண்ணிக்கையே நம் திட்டத்தின் எல்லை. அதற்கு மேல் ஒரு பாய்க்கும் முன்பணம் வாங்கலாகாது என்பது முதல் விதியாயிற்று.

வாங்குவோர் எவர்?

அடுத்து எழுந்த வினா இது. எல்லாருக்கும் விற்கலாம் என எண்ணுவது ஒருவருக்கும் விற்காமற் போவதற்கு வழி. வீட்டில் பழைய கணக்குகளைப் புரட்டிப் பார்த்ததில் வாங்குவோர் மூவகையினராகப் பிரிந்தனர். மணவீட்டார் முதல் வகை. விழாவில் சிறப்பு விருந்தினர்க்குப் பரிசளிக்க விரும்பும் நிறுவனத்தார் இரண்டாம் வகை. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ்ந்துகொண்டு ஊர் நினைவாகப் படுக்கைப் பாயோ தொழுகைப் பாயோ தேடுவோர் மூன்றாம் வகை.

இம்மூவருள் மணவீட்டாரே நம் திட்டத்தின் நடுநாயகம் ஆயினர். காரணம் எளிது. அவர்களுக்குப் பாய் தேவைப்படும் நாள் முன்கூட்டியே தெரியும். பெயர் நெய்ய வேண்டியிருப்பதால் நெய்வதற்கு முன்னரே கேட்டு வரவேண்டும். முன்னரே கேட்டு வருபவரிடம் பாதி விலையை முன்பணமாகப் பெறுவது முறையும் ஆகும், வழக்கமும் ஆகும். அம்முன்பணம்தான் நெய்பவருக்கு வாரக் கூலியாக மாறுகின்றது. நெய்துவிட்டு வாங்குவோரைத் தேடிய நிலை மாறி, வாங்குவோரைப் பெற்றபின் நெய்யும் நிலை வந்தது. இணையம் நமக்குச் செய்த பேருதவி இதுவே என்போம்.

இதனை ஒட்டியே ஆண்டுக்குரிய நாட்காட்டியும் அமைந்தது. தை, வைகாசி, ஆவணி ஆகிய திங்கள்களில் திருமணங்கள் மிகுதி. அத்திங்கள்களில் பாய் வேண்டுவோர்க்கு நம் செய்தி இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்னரே சென்று சேரவேண்டும். ரமலானுக்கு முன்னர் தொழுகைப் பாய் பற்றிய செய்தி செல்லவேண்டும். மணமண்டபத்தில் நாதசுரம் ஒலிக்கும்போது விளம்பரம் செய்து பயன் யாது?

சொல்லும் படமும்

கடைக்கு வருபவர் பாயைத் தொட்டுப் பார்க்கின்றார், மடித்துப் பார்க்கின்றார், மூக்கருகே கொண்டுசென்று கோரையின் மணத்தையும் அறிகின்றார். இணையத்தில் வாங்குபவருக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. அவருடைய விரலாகவும் மூக்காகவும் இருக்கவேண்டியவை நம் சொல்லும் படமும்.

விலையுயர்ந்த படக்கருவி எதுவும் நாம் வாங்கவில்லை. காலை வெளிச்சம் விழும் திண்ணையில் கைப்பேசியாலேயே படம் எடுத்தனர். ஒவ்வொரு பாய்க்கும் முழுப் படம் ஒன்று, ஓரம் தெரியும் படம் ஒன்று, அடிப்புறம் ஒன்று, அளவுகோலை மேலே வைத்து இழைகளை நெருக்கமாகக் காட்டும் படம் ஒன்று, மடித்துக் கையில் வைத்த படம் ஒன்று என ஐந்து. சாயத்தின் நிறம் திரையில் சிறிது மாறித் தோன்றலாம் என்ற குறிப்பும் உடன் சேர்ந்தது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்துப் பார்த்து, உள்ளே ஈரம் இருக்கக் கண்டு, மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்று விற்பவரைக் கேட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். இணையக் கடைக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேறில்லை. கையால் நெய்த பாயில் ஓரிடத்தில் இழை சற்றுத் தடித்திருக்கும். ஓரிடத்தில் சாயம் வெளுத்திருக்கும். அவ்விடத்தைத் தனியே படம் எடுத்துக் காட்டி, அதற்கேற்ப விலையைக் குறைத்து எழுதுமாறு கூறினோம். குறை காட்டப்பட்ட பாய்களும் விற்றன. குறையைச் சொன்ன கடையின் நிறைகளையும் மக்கள் நம்பினர்.

சொல்லைப் பற்றியும் கூறவேண்டும். ‘உலகப் புகழ் பெற்றது’, ‘ஈடு இணையற்றது’ என்ற தொடர்களை மாணவர்கள் முதலில் எழுதினர். அவற்றை நீக்கிவிட்டு நீளம், அகலம், எடை, பாவின் எண்ணிக்கை, நெய்ய ஆகும் நாள், சாயத்தின் வகை, ஈரம் படாமல் காக்கும் முறை ஆகியவற்றை எழுதச் செய்தோம். அடைமொழி பத்தினும் அளவு ஒன்று வலியது.

தேடுவோர் எவ்வாறு தேடுகின்றனர் என்பதையும் அறிதல் வேண்டும். பத்தமடை எனத் தமிழில் தேடுவோர் சிலர். ஆங்கில எழுத்தில் அவ்வூரின் பெயரை ஒரு ‘டி’ இட்டும், இரண்டு ‘டி’ இட்டும், ‘டிஎச்’ இட்டும் எழுதுவோர் பலர். ஊர்ப் பெயரே தெரியாமல் ‘பெயர் நெய்த கல்யாணப் பாய்’ என்று தேடுவோரும் உளர். இவர்கள் அனைவரும் தட்டும் கதவு நம்முடையதாக இருக்கவேண்டுமாயின், அவர்கள் வழங்கும் சொற்கள் நம் விளக்கத்தில் இயல்பாக இடம்பெற்றிருத்தல் வேண்டும்.

முகமா, கையா?

நெய்பவரின் கதையைச் சொன்னால் பொருள் நன்கு விற்கும் என்பது இன்றைய சந்தையியலாரின் கொள்கை. அதில் உண்மை உண்டு. ஆனால் நெய்பவர் நம் வீட்டுப் பெண்மக்கள். அவர்தம் முகத்தை உலகோர் காண இணையத்தில் இடுவதற்கு வீட்டின் பெரியவர் ஒருவர் உடன்படவில்லை. இளைஞர்களோ, உழைப்பவரை மறைத்து உழைப்பை மட்டும் விற்பது நீதியா எனக் கேட்டனர். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. திண்ணையில் குரல்கள் சற்று உயரவும் செய்தன.

முடிவு செய்யவேண்டியவர் நெய்கின்ற பெண்மணியே என்று நாம் கூறினோம். பீடி சுற்றச் சென்ற அம்மருமகளிடமே கேட்கப்பட்டது. அவர் சற்று எண்ணிப் பார்த்து, “முகம் வேணாம். கையை எடுத்துக்கோங்க. பாய்க்குக் கீழ என் பேரைப் போடுங்க” என்றார். அவர் சொன்னபடியே கோரையைப் பாவினுள் செலுத்தும் கைகள் மட்டும் தெரியும் படம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு பாயுடனும் செல்லும் சிறு அட்டையில் நெய்தவர் பெயர் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஊர்ப் பெயரால் மட்டுமே அறியப்பட்ட பாய், முதன்முறையாக ஒரு பெண்ணின் பெயரையும் தாங்கிச் சென்றது. பெரியவரும் அந்த அட்டையை வாங்கிப் படித்துவிட்டுத் தலையசைத்தார். விளம்பரத்திற்காக ஒருவர் தம் மானத்தையும் விருப்பத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. விரும்பி வைத்த எல்லைக்குள் நின்றும் சந்தையை அடையலாம் என்பதை அன்று கண்டோம்.

சொந்தத் திண்ணையும் வாடகைக் கடையும்

இணையத்தில் விற்கும் இடங்கள் பல. அவற்றை இருவகையாகப் பகுத்துக் காண்பது நன்று. நம் பெயரில் நாமே நடத்தும் இடம் சொந்தத் திண்ணை. பெரிய நிறுவனத்தின் தளத்தில் ஒரு மூலையைப் பெற்று விற்பது வாடகைக் கடை.

சொந்தத் திண்ணைக்கு நாம் முதலில் தேர்ந்தது, 2018ஆம் ஆண்டில் நம் நாட்டிற்கு வந்த வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலி. பொருள்களின் படத்தையும் விலையையும் பட்டியலாக அதில் அடுக்கிவைக்கலாம். அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்கு விடைகளை முன்னரே எழுதிவைத்துக்கொள்ளலாம். அடுத்து, கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரையும் இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்தோம். இதற்குக் கட்டணம் இல்லை. இன்ஸ்டாகிராம் பக்கம் ஒன்று நெசவின் படிநிலைகளைக் காட்டுவதற்குப் பயன்பட்டது. பணம் பெறுவதற்கு 2016இல் தொடங்கிய யூபிஐ முறை இருக்கின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கை. வாங்குவோர் போலப் பேசி, பணம் அனுப்புவதாகக் கூறி ஒரு கட்டக்குறியை அனுப்பி, அதனை ஒளிவருடி இரகசிய எண்ணை இடுமாறு கேட்கும் வஞ்சகர் உளர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையே இல்லை. பணம் கொடுப்பதற்கே அது தேவை. இவ்வொரு செய்தியை வீட்டிலுள்ள அனைவரும் மனத்தில் பதித்துக்கொண்டால் பெரும் இழப்பினின்றும் தப்பலாம்.

வாடகைக் கடைக்கு நன்மையும் உண்டு, விலையும் உண்டு. மக்கள் கூட்டம் அங்கே முன்னரே இருக்கின்றது. ஆனால் விற்பனையில் ஒரு பங்கைத் தளத்திற்குத் தரவேண்டும். வாங்கியவர் யார் என்பது தளத்தின் ஏட்டில் இருக்குமே ஒழிய நம் ஏட்டில் இராது. நம் பாயின் அருகிலேயே ஆலைப் பாயும் பிளாஸ்டிக் பாயும் பாதி விலையில் நிற்கும். சிறு வணிகர்க்கு முன்பிருந்த சட்டத் தடை ஒன்று தளர்ந்துள்ளதையும் குறிப்பிட வேண்டும். இத்தகைய தளங்களில் பொருள் விற்போர் அனைவரும் ஜிஎஸ்டி பதிவு பெற்றாக வேண்டும் என்ற நிலை இருந்தது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல், விற்பனை வரம்பிற்குள் இருக்கும் சிறு வணிகர் தம் மாநிலத்திற்குள் மட்டும் விற்பதாயின் முழுப் பதிவு இன்றி, ஒரு பதிவெண் பெற்று விற்கலாம். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நிறுவப்பெற்ற ஓஎன்டிசி என்னும் திறந்த வணிக வலையமைப்பும் மற்றொரு வாயில். 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் பாய் முடைதலும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளது.

கணக்கு

விளம்பரச் செலவைப் பற்றிக் கணக்கிடாமல் கனவு காண்போர் மிகுதி. எடுத்துக்காட்டாக ஒரு பாயின் விலை 5,000 ரூபாய் என்று கொள்வோம். கோரை, நூல், சாயத்திற்கு 900. நெய்பவர் கூலி 2,800. பொதி கட்டுவதற்கும் அஞ்சலுக்கும் 350. ஆக 4,050 போக எஞ்சுவது 950. விற்கும் தளம் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொண்டால் 750 போய்விடும். கையில் நிற்பது 200. இந்நிலையில் 2,000 ரூபாய்க்கு விளம்பரம் செய்து ஐந்து பேர் வாங்கினால் தலைக்கு 400 ரூபாய் செலவாகின்றது. ஒவ்வொரு பாய்க்கும் 200 ரூபாய் நட்டம். விற்பனை பெருகப் பெருக நட்டமும் பெருகும்!

இந்த நட்டத்தை எவர் தலையில் கட்டுவர்? கோரைக்காரர் குறைத்துக்கொள்ளார், அஞ்சலகம் குறைத்துக்கொள்ளாது, தளமும் குறைத்துக்கொள்ளாது. இறுதியில் குறைவது நெய்பவர் கூலிதான். பாய் நெசவில் மட்டுமன்றிக் கைத்தொழில்கள் பலவற்றிலும் காலங்காலமாக நடந்துவருவது இதுவே. எனவே கூலியை முதலில் எழுதி, அதனை மாற்றக்கூடாத எண்ணாக வட்டமிட்டு வைத்தோம். மற்றவை அதனைச் சுற்றியே அமைய வேண்டும். கட்டண விளம்பரத்தை மணப் பருவத்திற்கு முந்தைய சில வாரங்களுக்கு மட்டும், அதுவும் சிறு தொகையில் வைத்துக்கொண்டோம். ஏற்கனவே வாங்கியவர் மற்றொருவரிடம் சொல்லி வருகின்ற வாடிக்கைக்கு விளம்பரச் செலவு இல்லை என்பதை மாணவர்கள் குறிப்பேட்டிலிருந்தே உணர்ந்தனர். ஒவ்வொரு வெள்ளியன்றும் எழுதப்பட்ட அக்குறிப்பேட்டில் நான்கு பத்திகளே: கேட்டவர் எத்தனை பேர், எங்கிருந்து அறிந்து கேட்டனர், வாங்கியவர் எத்தனை பேர், மீண்டும் வந்தவர் எத்தனை பேர்.

வாக்கும் அமானிதமும்

2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பல கடமைகளை வகுத்துள்ளன. பொருள் பற்றிய உண்மை விவரம், மொத்த விலை, திருப்பித் தரும் முறை ஆகியவை தெளிவாக இருத்தல் வேண்டும். குறை கேட்க ஒருவர் இருத்தல் வேண்டும். வந்த குறையை 48 மணி நேரத்திற்குள் ஏற்றுக்கொண்டு ஒரு மாதத்திற்குள் தீர்த்தல் வேண்டும். விற்பவர் தாமே வாங்கியவர் போல நடித்துப் பாராட்டுரை எழுதுதல் கூடாது. இணைய மதிப்புரைகளுக்கென 2022ஆம் ஆண்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தனித் தரமொன்றையும் வெளியிட்டது. நண்பர்களைக் கொண்டு ஐந்து விண்மீன் இடச் செய்வது எளிது. அது கலப்படப் பாலுக்கு நிகரானது.

பெயர் நெய்யும் பாயைத் திரும்பப் பெற்றுப் பிறருக்கு விற்க இயலாது. ஆதலின் மணமக்களின் பெயர் எழுத்தையும் நாளையும் நிறத்தையும் எழுத்து வடிவில் அனுப்பச் செய்து, நாமும் அவ்வாறே எழுதித் திருப்பி அனுப்பி, ஒப்புதல் பெற்ற பின்னரே பாவு கட்டுவது என்பது வழக்கமாயிற்று. நெய்ய ஆகும் நாளுடன் ஒரு வாரத்தைக் கூட்டியே நாள் சொல்வது என்பதும் விதியாயிற்று. சொன்ன நாளுக்கு முன் சென்ற பாய்க்கு வாழ்த்து வரும். பின் சென்றால் முன்பணத்தோடு நற்பெயரும் போகும்.

வாங்குவோர் நம்மிடம் தரும் கைப்பேசி எண்ணும் முகவரியும் வெறும் விவரங்கள் அல்ல, அவை அமானிதம். அவற்றைப் பிறருக்கு விற்பதும், விருப்பமில்லாதவர்க்கு நாள்தோறும் செய்தி அனுப்பித் தொல்லை தருவதும் அமானிதத்திற்குச் செய்யும் துரோகம். நம் நாட்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதற்கு முன்னரே நம் பெரியோர் இவ்வறத்தை நமக்குக் கற்பித்துள்ளனர். வாடிக்கையாளரைக் கேட்டு, உடன்பட்டோர்க்கு மட்டும், ஆண்டிற்குச் சில முறை செய்தி அனுப்புவது என்று வரையறுத்தோம்.

ஒரு கசப்பான நிகழ்ச்சியையும் சொல்லவேண்டும். நம் மாணவர் எடுத்த படம் ஒன்றை எவரோ ஒரு விற்பனையாளர் எடுத்தாண்டு, ஆலைப் பாயைப் பத்தமடைப் பாய் எனக் கூறி விற்கத் தொடங்கினார். புகார் செய்து அப்படத்தை நீக்கச் செய்தோம். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. ஊர்ச் சங்கம் பெற்ற பதிவு மட்டும் போதாது. நெய்பவர் ஒவ்வொருவரும் உரிமையுள்ள பயன்பாட்டாளராகத் தம் பெயரையும் பதிவு செய்துகொள்ளலாம் என்பதைப் பலர் அறியார். சமுதாயப் பெரியோர்களும் ஜமாஅத்தார்களும் இப்பதிவிற்கு நெசவாளர்க்குத் துணைநின்றால் அது ஊருக்கே செய்யும் பேருதவியாகும்.

விளைந்தது என்ன?

அவ்வீட்டில் செல்வம் கொழிக்கத் தொடங்கிவிட்டது என்று எழுத நாம் விரும்பவில்லை. அது உண்மையும் அன்று. மூன்று தறிகளிலும் வேலை நடக்கின்றது. முன்பணம் வங்கிக் கணக்கில் வருவதால் வெள்ளிக்கிழமைக் கூலி தவறுவதில்லை. அம்மருமகள் பீடித் தட்டை முற்றிலும் விட்டுவிடவில்லை. மழைக்காலத்தில் எடுப்பார், வெயில் வந்ததும் தறிக்குத் திரும்பிவிடுவார். வருகின்ற செய்திகளுக்கு விடை எழுதுபவர் அவருடைய மகள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். பாய் நெய்யத் தமக்கு விருப்பமில்லை என்று முன்பு சொல்லியிருந்த அவர், வாங்குவோர் கேட்கும் வினாக்களுக்கு விடை சொல்வதற்காகவே பாவு எண்ணிக்கையைக் கற்று, இப்போது மாலை நேரத்தில் தறியிலும் அமர்கின்றார். அவர் நெசவாளராக வாழ்வாரா, மேற்படிப்பிற்குச் செல்வாரா என்பது அவர் விருப்பம். எதைத் தேர்ந்தாலும் பசியால் தேர்ந்ததாக இராமல் இருந்தால் போதும்.

நிறைவாக, தமிழ் பயிலும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவோம். இணைய வணிகம் என்பது கணினித் துறையினர்க்கும் வணிகவியல் துறையினர்க்கும் உரியது, நமக்கு அதில் என்ன வேலை என எண்ணி ஒதுங்க வேண்டா. ஒரு பொருளை மிகையின்றியும் குறையின்றியும் சொல்லில் வடிப்பது தமிழ் கற்றவரின் வேலை. இப்பணிக்கு ஏங்கி நிற்கும் சிறு கடைகள் நம் ஊர்தோறும் உள்ளன. திண்டுக்கல் பூட்டுக்கும் பவானி ஜமுக்காளத்திற்கும் நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்கும், பெயரே பெறாத நம் தெருமுனைப் பலகாரக் கடைக்கும் உண்மையான நான்கு வரிகளை எழுதித் தர ஒருவர் வேண்டும். விடுமுறையில் ஒரு மாணவர் ஒரு கடை என்று ஏற்றுக்கொண்டாலும் போதும். ஏட்டிற் கற்ற தமிழ் ஒரு வீட்டின் வெள்ளிக்கிழமைக் கூலியாக மாறுவதைக் கண்ணாற் காணலாம்.